பிரேக் இல்லாத கணக்கு

"எங்க படிப்புல பிரேக்கே கிடையாதுண்ணே."

போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பின் முன்சீட்டில் இருந்த பெண் டிரைவரிடம் சொன்னாள். மதுரையில் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாளாம். நான் பின்னால் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே இருந்தேன். பெட்ரோலை மிச்சம்பிடிக்க, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்ன படிப்பு, ஆத்தா?"

"வண்டி எங்க இருக்கு, எவ்வளவு உந்தத்தோட போகுது, அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்குனா வர்றது, ரெண்டையும் ஜோடியாத்தான் பாப்போம். நூறு வண்டிய விதவிதமா உருட்டிவிட்டு, இடத்தக் குறுக்கயும் உந்தத்த நெடுக்கயும் வச்சு வரைஞ்சா, அதுக அடைக்கிற பரப்பு ரப்பர் மாதிரி நெளியும். ஆனா அந்தப் பரப்போட அளவு கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது. பிரேக்கு புடிச்சாச் சுருங்கிரும். அதனால அதச் சேக்குறதில்ல."

டிரைவர் பிரேக்கை மூன்று முறை மிதித்தார். மிதி தரைவரை போய் அப்படியே கிடந்தது. எதிரே கொண்டை ஊசி வளைவு.

"ஆத்தா, வண்டி இப்ப உன் கணக்குலதான் போகுது."

"ஐயோ, கியரப் போடுங்கண்ணே!"

"விழ மாட்டேங்குது. கைய உள்ள இழுத்துக்க."

மலைப்பக்கம் வண்டியை உரசவிட்டார். தகரம் கிழிந்து அலறியது. மடியெல்லாம் மண் கொட்டியது. வளைவுக்கு ஒரு முழம் முன்னால் ஜீப் நின்றது.

டிரைவர் இறங்கி, கிழிந்த தகரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இந்த உரசலயும் சேக்க மாட்டீகளோ?"

"இல்லண்ணே. சேத்தா கணக்கோட அழகு போயிரும்."

"போனாப் போகுது, ஆத்தா. உசுரு இருக்குல்ல."