இடது பக்கம் திருப்பினால்

காரில் ஏதாவது சத்தம் வந்தால் நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது பாட்டைக் கூட்டி வைப்பதுதான். என் அக்கா வீட்டுக்காரர், மச்சான் காளிராஜும் அதைத்தான் செய்தார். பாட்டையும் மீறிக் கேட்க ஆரம்பித்த பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"இஞ்சினியரம்மா, வண்டி ஊங்குனு ஊளை விடுது. படிச்சவுக பாத்துச் சொல்லுங்க. இல்ல, அந்தப் படிப்பெல்லாம் காயிதத்துல மட்டுந்தானா?"

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், மேடம். மெக்கானிக்கல். கார் சர்வீஸ் கம்பெனியில் வேலை. பெண் என்பதால் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்னைப் படிக்க வைக்க அக்கா ஜெயசுதா பத்தாவதோடு நின்று மிளகாய்க் காட்டுக்குப் போனாள். மிளகாய்ப் பழம் பறித்த கை எரியும். வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டே என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

அவளைத்தான் மச்சான் அடித்தார். போன ஆவணியில் காது கிழிந்து, உப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் இராமநாதபுரத்தில் ஒரு அறை பிடித்தேன். அவளுக்கு ஜவுளிக்கடையில் வேலை சொல்லி வைத்தேன். இரண்டு தட்டு, இரண்டு தலையணை வாங்கினேன். மச்சான் அல்வாவோடு வந்து அய்யா காலில் விழுந்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன்டி மொறைக்கிற? அவரு திருந்திட்டாரு. நான் போறேன்."

அந்த நேரத்தில்தான் சாவி என் கைக்கு வந்தது.

திருப்பாலைக்குடி வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். மச்சான் தனுஷ்கோடிக்குச் சவாரி போகிறவர். வருகிறவர்கள் கேட்டால் ஈர மணலில் இறக்கி ஓட்டுவார். உப்புத்தண்ணீர் போனால் சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங் தாங்காது. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வேகம் கூடினால் சத்தமும் கூடும். கிளட்சை மிதித்தாலும் குறையாது. ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் பழுது வலது பக்கம். கூடியது. ஓரமாக நிறுத்தி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்பிரிங்கில் கை வைத்தேன். மணலை அரைப்பது போல விரலில் ஏறியது. வலது முன் சக்கரம்.

திரும்பி வந்து மச்சானிடம் சொன்னது இதுதான்: "இடது பக்கம் திருப்புனாத்தான் மச்சான் சத்தம் கூடுது. பேரிங் போச்சு."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இடது பேரிங் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மண்டபத்து மெக்கானிக் மதாரை விசாரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். மச்சான் விடவில்லை.

"ஏலே மதாரு, எங் கொழுந்தியா இஞ்சினியரு. அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இடதக் கழட்டு."

மதாரே இதை என்னிடம் சொல்லி அழுதார். மச்சான் என் படிப்பை மதித்தது அந்த ஒரு நாள்தான்.

மாற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்று மச்சான் போன் செய்தார். புது பேரிங் பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஓட்டுங்கள் என்றேன். அது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

வண்டி நடுவழியில் நிற்கும், சவாரி கெடும், அந்தக் கோபத்தில் மறுபடி அக்காவை அடிப்பார், அவள் என்னிடம் வந்துவிடுவாள். நான் நினைத்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா காருக்குள் இருந்து கூப்பிட்டாள். "ஏய், நாங்க ரெண்டு பேரும் ஒன்னையப் பாக்க வாரோம். உச்சிப்புளி தாண்டிட்டோம். நண்டு வாங்கியிருக்கேன், ஒல வையி." சிரித்தாள். மச்சான் பக்கத்திலிருந்து, "நண்டோட காலை எண்ணச் சொல்லு, படிச்ச புள்ள," என்றார். இன்னும் சிரித்தாள்.

அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது ஊளை இல்லை. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். அது வந்துவிட்டால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வலது சக்கரம் இறுகினால் வண்டி வலது பக்கம் இழுக்கும். எதிரே வருவது இடது கதவில் மோதும். இடது பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்பதும் எனக்குத் தெரியும். இறங்கு என்று ஒரு சொல் போதும்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இல்லை.

"வா" என்றேன்.

மீன் லாரி. மச்சானுக்குக் கை முறிந்ததோடு சரி. அக்கா உயிர் ஆஸ்பத்திரி வரைகூட வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆளிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். காப்பாற்றியும் விட்டேன்.