வெறும் வயிறு

சிகரெட்ட உள்ள வைங்க தம்பி. இந்தக் கட்டடத்துல ஈதர் இருக்கு, மயக்க மருந்து. குச்சி உரசினா நாம வீட்டுக்கு பஸ் ஏற வேண்டியதில்ல, பறந்தே போயிடலாம்.

உக்காருங்க லா. நீங்க நடந்து நடந்து சிமெண்ட் தேயுது. டான்சில் பையன், பாலகிருஷ்ணன், அவன் அப்பா சேதுபதிதானே? செம்பவாங்லேர்ந்து மொத பஸ்ஸா? பாத்தாலே தெரியுது. டாக்யார்டு ஆளுங்கதான் ஆஸ்பத்திரிக்கும் கஞ்சி போட்ட காக்கியில வருவாங்க.

நானா? இங்கதான் சுத்திக்கிட்டிருப்பேன்.

பயப்படாதீங்க. மூக்கு மேல மூடி மாதிரி ஒண்ணு வைப்பாங்க, கறுப்பு ரப்பர் பை தொங்கும். புள்ள மூச்ச இழுத்தா சுருங்கும், விட்டா உப்பும். மயக்க டாக்டர் அந்தப் பையத்தான் பாப்பாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க பந்தியப் பாக்கற மாதிரி, கண்ணெடுக்காம.

ஒரே சங்கதிதான். வயித்துல எதாச்சும் கெடந்தா மயக்கத்துல மேல வந்துரும். முழிச்சிருக்கறவன் துப்பிடுவான். மயங்கிக் கெடக்கறவனுக்கு நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். சின்னப் புள்ளைக்கு அது பென்சில் தடிமன்கூட இருக்காது. அடைச்சா அவ்வளவுதான். அதான் எதுவும் குடுக்காதீங்கன்னு நர்ஸ் மிஸி தொண்டை வத்தக் கத்துது.

குடுக்கலையா? சரி, நான் கேக்கவே இல்லையே.

போன மாசம் பிலோமினம்மாள்னு ஒரு அம்மா. மக பட்டினின்னு மாதா மேல சத்தியம் பண்ணிச்சு. பாத்தா கோப்பியில பிஸ்கட் நனைச்சுக் குடுத்திருக்கு. ஏம்மான்னா, புள்ள மெல்லவே இல்ல, தானா எறங்கிடுச்சு, அதுவும் சாப்பாடாங்குது!

முருகன் கோயில் ஆளுங்க வேற ரகம். பொய்யே வராது. சாப்பிடக் குடுத்தியான்னா இல்லம்பாங்க. அவங்களுக்கு அது நெசம்தான். சாமி குடுத்தது சாப்பாட்டுல சேராது பாருங்க.

ஏன் எந்திரிச்சிட்டீங்க?

ம். டேங்க் ரோட்டு முருகன் கோயில் பஞ்சாமிர்தம். நேத்தே வாங்கி வச்சு, காலையில பஸ்ல ஊட்டினீங்களா? ஒரு வாயா? சரி, மூணு. சந்திரமதி யாரு, சம்சாரமா? வேணாம்னு சொன்னாங்களா? கேட்டிருக்கலாம்.

ஏய், ஓடாதீங்க! உள்ள ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. புள்ளைங்கள ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போற ஆளே நான்தான். உங்க பையனத் தோள்ல போட்டதும் என் கழுத்துல சுருக்குன்னுச்சு. பாத்தா அவன் காலர்ல செவ்வெறும்பு, வரிசையா, திருவிழாவுக்குப் போற மாதிரி. டாக்டருக்குக் காட்டினேன். அப்பவே வார்டுக்கு அனுப்பிட்டாரு. அங்க பக்கத்துக் கட்டில் பையனோட பொம்மைக் கார வாங்கி ஓட்டிக்கிட்டிருக்கான்.

அப்புறம் எதுக்கு இவ்வளவு பேச்சா? நாளைக்கு மறுபடி ஆபரேஷன் இருக்கே. இன்னிக்கு உங்க வாயால உண்மை வரலேன்னா நாளைக்கும் முருகன் பஸ் ஏறிடுவாரு. எறும்பு தெனம் வேலைக்கு வருமா? திருநீறு பூசுங்க, தப்பே இல்ல. நெத்தியில. நாக்குல வேணாம்.

அந்தத் தூக்குல மிச்சம் இருக்கா? இப்படிக் குடுங்க.

எனக்கு ஆபரேஷன் இல்ல லா.