பத்துக்கு ஒம்பது

— வேணாம்னுட்டேன்ல. பத்துக்கு நாலு பொருத்தந்தான்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. ஓடைப்பட்டி மாப்ள வீட்டுக்கு இல்லைன்னு சொல்லிருவோம்.

— உங்க தங்கச்சி தேவயானி ரெண்டு நாளாச் சாப்பிடலைங்க. அவளுக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்கு.

— மெசினுக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியப் போகுது? இங்கன பாரு ராமுத்தாயி, பேப்பர்லயே போட்டிருக்கான். மெசினு ஒரு நாள் மனுசன் மூளையத் தாண்டிருமாம். அதுக்கப்புறம் அது எதைச் சொல்லுது, ஏன் சொல்லுதுன்னே நமக்கு வெளங்காதாம்.

— ஒரு நாளா? அது எப்பவோ நடந்து முடிஞ்சிருச்சு.

— எப்ப?

— தொண்ணூத்தெட்டுல, தேனி பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் ஜாதகம்னு போர்டு வச்சாகளே... அன்னைக்கு. அது நீட்டுன தாளை வாங்கிக்கிட்டு வந்தீக. ஏன்னு யாராச்சும் கேட்டாகளா?

— இனிமேத்தான் வரும்னுல்ல போட்டிருக்கான்...

— அவகளுக்குத் தகவல் போய்ச் சேரலை போல.

— அப்ப இத்தனை வருசமா அதுக்குள்ளயா இருக்கோம்? எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே.

— அதான் போட்டிருக்கான்ல, வெளங்காதுன்னு.

— வெளையாடாத புள்ள. நமக்கு ஒம்பதுன்னு சொன்னதும் அதுதான. கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஓடிருச்சுல்ல?

— அதைத்தான்... எப்படிச் சொல்ல. கோவப்படக் கூடாது.

— சொல்லு.

— நான் மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாதுன்னு அஞ்சு எடம் தட்டிப் போச்சு. உங்களைப் பாத்த பிறகு விட மனசில்லை. பெறந்த தேதியை ரெண்டு நாள் தள்ளி எழுதிக் குடுத்துட்டேன்.

— இரு. அப்ப அந்தத் தேதி உன்னுது இல்ல?

— இல்ல.

— நேரத்தை முன்னப் பின்ன மாத்தி மூணு தடவ போட்டும் பொருந்தலை, பொருந்தலைன்னுச்சே... அது உன்னையச் சொல்லலையா?

— எங்க பொருந்தலைன்னுச்சு? ஒம்பதுன்னுல்ல தாளைக் கொண்டாந்தீக?

— கொண்டாந்தேன்...

— அந்த ஒம்பது யாருக்குங்க?

— எனக்கும் மனசு கேக்கலை புள்ள. நாலாவது தடவ என் தேதிக்குப் பதிலா எங்கண்ணன் பெறந்த தேதியைக் குடுத்துட்டேன். அன்னையிலருந்து, எந்த நிமிசம் என்ன வந்து ஒடையுமோன்னு பயந்துக்கிட்டேதான் உங்கூடக் குடும்பம் நடத்துறேன். தங்கச்சிக்காச்சும் அந்தப் பயம் வேணாம்னு பாத்தேன்... ஆகட்டும்னு சொல்லிரு அவக வீட்டுல.