சின்ன மூடிக்கு நின்ற பஸ்

“பெரிய மூடிக்கு பஸ் நிக்கலம்மா. சின்ன மூடிக்கு நின்னுடுச்சி!”

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ், திருக்கழுக்குன்றம் தாண்டி, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் சட்டென்று நின்றிருந்தது. சொன்னது எனக்கு முன் சீட்டுச் சிறுமி. கையில் இரண்டு பேனா மூடிகள், மடியில் நாலாம் வகுப்பு அறிவியல் நோட்டு.

“யாரு விசில் ஊதுனது? எறங்கறதுக்கு ஒருத்தரையும் காணோம்?” என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வந்தார்.

“சாரிங்க, இவதான். எந்த மூடில ஊதுனா சத்தம் கீச்சுனு வருதுன்னு பாத்து எழுதினு வரச் சொல்லிக்கிறாங்க ஸ்கூல்ல,” என்றார் பக்கத்திலிருந்த அவள் அம்மா.

“அதுக்கு வூட்ல ஊத வேண்டியதுதானே? என் வண்டிதான் கெடைச்சுதா?”

“நாளைக்கு மிஸ்ஸுகிட்ட காட்டணும் அங்கிள். சின்ன மூடி அப்படியே உங்க விசில் மாதிரி கீது.”

“இன்னாது, என் விசிலும் பேனா மூடியும் ஒண்ணா?”

முறைத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லி ரோஷமாக இரண்டு விசில் கொடுத்தார். பஸ் அசையவில்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இது யாருதுப்பா? உன்னுதா, பாப்பாவுதா?”

சிறுமி குனிந்து எழுதினாள். எழுத எழுத வாய்விட்டும் படித்தாள்: “கண்டக்டர் விசிலுக்கு பஸ் போகவில்லை.”