பின்வரிசையில் உயர்ந்த கை

மாலை ஆறரை மணி. முன்னும் பின்னும் ஒரு வண்டி கூட இல்லாத நெடுஞ்சாலை... அதில் ஒரு பழைய வேன். உள்ளே ஆறு கல்லூரிப் பிள்ளைகள். வெளிநாட்டுக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்யப் போன முதல் நாள்.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இதை இரண்டு தடவை சொல்ல எனக்கே தைரியம் கிடையாது. என் கூடப் படித்தவளின் அத்தை குடும்பத்துக்கு நடந்தது. அத்தை மகன் அந்த வேனில் இருந்தான். அவன் தங்கையும் இருந்தாள்.

கல்லூரியில் அவனுக்குப் பிரசங்கி என்றுதான் பெயர். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட ஒரு வசனம் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். தங்கை நேர் எதிர். கிட்டார் வாசிப்பாள், எதற்கெடுத்தாலும் கேலி, சிரிப்பு. அவளை அனுப்ப அம்மாவுக்கு மனமே இல்லை. விமான நிலையத்தில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவளத் தனியா விட்டுடாதடா."

"விடமாட்டேம்மா" என்றான்.

தங்குவதற்குக் கிடைத்த இடம் ஒரு பழைய சினிமாக் கொட்டகை. படம் நின்று பல காலம் ஆகி, ஒரு சின்ன சபை அதை வாடகைக்கு எடுத்திருந்தது. திரை இருந்த இடத்தில் மேடை. எதிரே வரிசை வரிசையாக மடக்கு இருக்கைகள்... உட்கார்ந்தால் கீழே இறங்கும், எழுந்தால் டப்பென்று தானாக மேலே மடங்கிக்கொள்ளும், அந்த ரகம். உள்ளே ஒரு நாற்றம். நனைந்த கம்பளியை மூட்டை கட்டி வைத்தது போல.

சாவி கொண்டுவந்த பெரியவர் வாசற்படியைத் தாண்டவில்லை. ஏதோ சொன்னார். அந்த ஊர் பாஷை இவர்களுக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்கிறவர் மறுநாள்தான் வருவதாக ஏற்பாடு. பெரியவர் தன் வாயைக் கையால் பொத்திப் பொத்திக் காட்டினார். பக்தியில் செய்கிறார் என்று நினைத்துப் பிரசங்கியும் கும்பிட்டு, "ஸ்தோத்திரம் ஐயா" என்றான். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மற்ற நாலு பேரும் வெளியே வேன் கூரையிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அண்ணனும் தங்கையும் மட்டும். மறுநாள் கூட்டத்தில் அவன் பேச வேண்டும். ஒரு தடவை பேசிப் பார்த்துவிடலாம் என்று மேடை ஏறினான்.

"நீதான் சபை. போய் உக்காரு."

"சபைக்குப் பசிக்குது, சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடைசியில் ஒரு அழைப்பு உண்டு. எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மனம் மாறியவர்கள் மட்டும் கையை உயர்த்துவார்கள். யார் உயர்த்தியது என்று மேடையில் நிற்பவர் மட்டும் பார்ப்பார். அவர் ஆமென் சொல்லும் வரை மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது.

அந்த அழைப்பைக் காலி இருக்கைகளுக்குக் கொடுத்தான், மடையன். தங்கையும் விளையாட்டாகத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒத்திகைதானே என்று அரைகுறையாகவாவது செய்தானா? உருகி உருகிக் கூப்பிட்டான்.

"யாருமே இல்லாமத் தனியாக் கெடக்கிறியா? எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கே? வா... எங்க கூட வந்துடு. உன்னை விட்டுட்டுப் போக மாட்டோம்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இத்தனைக்கும் அந்த ஊரில் நம் பாஷை தெரிந்த ஒரு ஆள் கிடையாது.

ஒரு கை உயர்ந்தது.

தங்கை தலைக்கு மேலே... மெதுவாக. கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"பாத்துட்டேன். கையை எறக்கலாம். எந்திரிச்சு வாங்க."

கை இறங்கியது. அவள் இடது தோளில் இறங்கியது. அப்போதுதான் கவனித்தான். அவளுடைய இரண்டு கைகளும் கிட்டார் மேல் இருந்தன.

டப்.

அவளுக்குப் பின்வரிசையில் ஒரு இருக்கை மேலே மடங்கியது.

ஓடினான். பக்கத்துக் கதவு வழியாகத் தலைதெறிக்க ஓடினான். வேன் வெளிச்சத்தில் போய் விழுந்த பிறகுதான் தங்கை உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. 'நானா இருந்தா ஓடியிருக்க மாட்டேன்' என்று இங்கே யாராவது ஆரம்பித்தால் அறைந்துவிடுவேன். எல்லாரும்தான் ஓடுவோம். அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? எனக்கு அவளை நினைத்தால் வயிறு எரிகிறது.

நாலு பேர் டார்ச்சோடு உள்ளே போனார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் போனான். அவள் அதே இடத்தில், தலை குனிந்தபடி, கண்ணை மூடியபடி இருந்தாள். சுற்றிலும் எல்லா இருக்கைகளும் மடங்கியிருந்தன.

"எந்திரி, போயிடலாம்" என்றான்.

"நீ இன்னும் ஆமென் சொல்லலியே, அண்ணா."

சொன்னான். அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாளே ஊர் திரும்பிவிட்டார்கள். கண் டாக்டர், மனநல டாக்டர் எல்லாரும் பார்த்தாயிற்று. சபையே உபவாசம் இருந்து ஜெபம் செய்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை... திறக்கவில்லை, அவ்வளவுதான். சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். சிரிப்பதில்லை. இடது தோள் எதையோ சுமப்பது போலத் தாழ்ந்தே இருக்கிறது. அந்தப் பக்கம் துணி ஈரமாகிக்கொண்டே இருக்கிறது. அம்மா மாற்றி மாற்றிப் போடுகிறாள். வீடு முழுக்க நனைந்த கம்பளி வாடை.

போன மாதம் என் சிநேகிதி அத்தையைப் பார்க்கப் போயிருந்தாள். பிரசங்கி இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறான். அந்த வாயா என்று கேட்கும்படி அடங்கிப்போய்விட்டான். கடையிலிருந்து வந்தவன் செருப்பைக் கழற்றினான், நேரே போய்த் தங்கை முன்னால் மண்டியிட்டான். "தெனமும் இதேதான்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளைப் பார்த்துப் பேசினான்.

"கூப்பிட்டது நான்தானே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுட்டு எங்கிட்ட வந்துடு. நான் உன்னைத் தனியா விடமாட்டேன்."

தங்கை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். யாரோ குனிந்து காதில் சொல்வதைக் கேட்பவள் போல. கேட்டு முடித்தாள். பிறகு, கோபமே இல்லாமல், அண்ணனுக்கு வலிக்கக் கூடாதே என்பது போல மெதுவாகச் சொன்னாள்...

"வரமாட்டாங்களாம், அண்ணா. நீ ஓடிடுவியாம்."