தொட்டிக்கு மூச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் தையல்காரரின் அக்காள் வீட்டுக்காரருக்கு நடந்தது.

இரவு இரண்டு மணி. படகுத்துறைக்குப் போகும் சாலை. ஒரு வீடு கிடையாது, ஒரு நாய் கிடையாது... அவர் மட்டும் நடந்து போகிறார். சாலைக் கடைசியில் அவருடைய கொட்டகை. தூண்டில்காரர்களுக்கு உயிரோடு விற்கிற சின்ன மீன்கள் அங்கே சிமென்ட் தொட்டியில் கிடக்கும். அதனால் அவருக்கு இரைக்காரர் என்றே பெயர். காற்று விடும் மோட்டார் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும். கரன்ட் போனால் ஒரே வழிதான். மக்கில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வேலையை மனைவிதான் செய்வாள். சாமி கும்பிடும்போது அந்த மீன்களையும் சேர்த்துக்கொள்கிறவள்.

"கொக்கியில மாட்டப் போற மீனுக்கு இவ்வளவு சீராட்டா? தாலாட்டும் பாடிடேன்" என்பார்.

"சாகப் போறதுன்னா, அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதா?" என்பாள்.

பிறகு அவளுக்கே மூச்சு முட்டியது. ராவெல்லாம் இருமல். ஒரு நாள் கரன்ட் போனது. "எனக்கு ஒண்ணுமில்ல. மீனு தவிக்கும், போங்க" என்று அவள்தான் அனுப்பினாள். விடிந்து திரும்பினார். வீடு அமைதியாக இருந்தது... அவ்வளவு அமைதி.

அதற்கப்புறம் இந்த இரவுதான் மறுபடி கரன்ட் போனது. பாதிச் சாலையில் கால் நின்றுவிட்டது. யாரை விட்டுவிட்டு யாரைக் காப்பாற்றினோம்... செத்தால் சாகட்டும் என்று திரும்பினார்.

அப்போது கேட்டது.

சளக்... ஒன்றுமில்லை... சளக்.

பூட்டின கொட்டகைக்குள்ளிருந்து. ஓடினார். கதவருகே தைல வாசனை. இருமலுக்கு அவள் நெஞ்சில் தடவிக்கொள்கிற தைலம்.

பூட்டைத் திறந்தார். சத்தம் நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. மீன்கள் எல்லாம் உயிரோடு நீந்தின. மக் மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"கை வலிக்கும்... நீ உட்காரு. நான் ஊத்துறேன்" என்றார். அழுதுகொண்டே விடியும்வரை ஊற்றினார்.

ராத்திரியே மீன் ஏற்ற வந்து, வெளியே வண்டியிலேயே படுத்திருந்த டிரைவர் எழுந்து வந்தார். வேலைக்குப் புதியவர். கையில் பிளாஸ்க்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அக்கா விடிய விடிய இருமிக்கிட்டே இருந்தாங்களே... சுடுதண்ணி இருக்கு, குடுங்க."

இரைக்காரர் காதில் ஓர் இருமலும் விழுந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த நல்ல மனசிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாங்கித் தொட்டி விளிம்பில் வைத்தார். இருவருமாக மீனை அள்ளி வண்டியில் ஏற்றினார்கள்.

திருப்பிக் கொடுக்க எடுத்தார். பிளாஸ்க் கனக்கவில்லை... பக்கத்தில் கழற்றி வைத்த மூடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.