பன்னிரண்டு ஓடுகள்

— ஷார்மேன், இன்னும் என்ன யோசனை? அஞ்சு மணிக்குள்ள எந்த ஸ்கேனர்னு மியூசியம் பாஸ்கிட்ட எழுதிக் கொடுக்கணும்லா. வெளிச்சம் அடிச்சுப் படம் எடுக்குற மிஷினையே போட்டுறவா?

— வேணாம் பவித்ரன் அண்ணே. எக்ஸ்ரே மிஷின் வாங்கலாம்.

— போன வாரம் நீதானே வேற மாதிரி சொன்ன? எக்ஸ்ரேன்னா ரூம் சுவர மாத்தணும், கோலாலம்பூர்ல இருந்து ஆள் வரணும், ஒரே சுசா, தொல்லைன்னு.

— அப்பத் தெரியல. நம்ம நத்தை ஓடு மூணு மில்லிமீட்டர்தான். பளபளன்னு இருக்கு. வெளிச்சம் பட்டா மிஷினுக்கு உருவமே தெரியல. வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடிச்சாத்தான் எடுக்குது. எக்ஸ்ரேக்கு ஒன்னும் பூச வேணாம்.

— பவுடர் தானாவே ஆவியாப் போயிரும்னு விக்க வந்தவரு சொன்னாரே.

— சொன்னாரு. போகல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— பயமா இருக்குண்ணே. நேத்து நீங்க தாப்பா டவுனுக்குப் போயிருந்தப்ப அவரு மிஷினோட வந்தாரு. ஒரு ஓட்டைக் கொடுங்க, எடுத்துக் காட்டுறேன்னாரு. படம் அவ்வளவு அழகா வந்துச்சு. மத்ததுக்கும் பவுடர் அடிக்கக் கொடுத்துட்டேன்.

— பன்னெண்டையுமா? யாரைக் கேட்டுக் கொடுத்த?

— யாரையும் கேக்கல.

— அலாமா. அது இருந்த குன்றையே கல் ஒடைக்கிற கூவாரிக்காரன் வெடி வச்சுத் தரைமட்டமாக்கிட்டான். இந்த நத்தை வேற எங்கயும் கெடையாதுன்னு உனக்குத் தெரியும்ல? சன்னாசி அண்ணன் அந்தக் குன்றுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன மனுசன். கடைசி வெடிக்கு முந்தின நாள் பாறையில ஒட்டிக்கிட்டு இருந்தத மருந்து டப்பாவுல பொறுக்கிட்டு வந்தாரு. இனிமே எங்க போய்த் தேடுறது? எத்தனை ஒடஞ்சுச்சு?

— ஒன்னும் ஒடையல. கீறல்கூட இல்ல.

— அப்புறம் என்ன? மூணு மாசமா டப்பாவுல காஞ்சு கெடந்த வெறும் ஓடு. பவுடர் ஒட்டுனா கழுவிட்டாப் போச்சு. பாஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்லா, நீ அழாத.

— காலையிலயே கழுவிட்டேண்ணே. வெதுவெதுன்னு தண்ணி வச்சு, ஒவ்வொன்னா.

— பவுடர் போயிருச்சுல்ல?

— போயிருச்சு. ஒன்னு மட்டும் மெதுவாத் தலைய வெளிய நீட்டுச்சு. மதியம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்தேண்ணே, மத்த பதினொன்னும் நீட்டல.